மாஸ்டர் வீட்டுப் பின்னறை

அந்தப் பிளானில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் பெயர் இல்லை. வீட்டை வரைந்தவர் மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் போட்டிருந்தார். சமைக்கிற குசினி, முன்னறை, சாப்பாட்டறை, மேலே மூன்று படுக்கையறைகள். மாடிப்படியின் கீழே சப்பாத்து வைக்கிற மூலைக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. கீழ்த்தளத்தின் பின்மூலையில், குசினிச் சுவரோடு ஒட்டியிருந்த சின்ன அறையில் மட்டும் அச்சடித்த எழுத்தின் மேல் வெள்ளை மை பூசப்பட்டிருந்தது. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அழித்தவர் தாளின் பின்பக்கத்திலும் மறக்காமல் பூசியிருந்தார்.

"என்ன தம்பி பாக்கிறியள்?" என்று பின்னால் குரல் கேட்டது. வீட்டுக்காரர் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இந்த அறைக்குப் பேர் இல்லை, மாஸ்டர்."

"அதுக்குப் பேர் தேவையில்லை. பின்னறை எண்டு எழுதிக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டுத் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நாலாக மடித்துக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டார். வயரிங் செய்ய வந்தவனிடம் பிளானைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வைக்கிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஊரில் கணிதம் படிப்பித்தவர் என்பதால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே சொன்னார்கள். லண்டனில் ஏதோ ஒரு கவுன்சிலில் அலுவலக வேலை; அப்போது நீண்ட லீவில் நின்றார். அவருடைய மனைவி ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவர். இருவரும் பல வருடம் இருந்த பழைய ஒற்றைத்தட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே காணியில் புதிதாக இரண்டு தட்டு வீடு கட்டினார்கள். சுவர் எழும்பி, கூரை ஏறி, கண்ணாடியும் போட்டாயிற்று. சுவருக்குப் பூச்சு பூசுவதற்கு முன்னால் வயர் முழுவதையும் இழுத்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முந்திய இரண்டு வருடமாக ஒரு தமிழ் வீட்டிலிருந்தும் எனக்கு அழைப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தொழில் பழகியது ஜெர்மனியில். அங்கே எனக்குப் பழக்கிய முதலாளி, வயர் இழுக்க முதல் ஒரு நாள் முழுக்க வீட்டுக்காரரோடு வெறும் அறைகளுக்குள் நடக்க வைப்பார். கட்டில் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், படுக்கையருகே விளக்கை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு, சீமெந்துக் கல்லின் மேல் சோக்கால் குறிக்க வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. மாஸ்டரோடும் அப்படித்தான் நடந்தேன். அவர் அளவுநாடாவும் கூரான பென்சிலும் கொண்டுவந்திருந்தார். முன்னறைச் சுவிட்சின் உயரத்தை முடிவு செய்ய இருபது நிமிடம் எடுத்தார். இருட்டில் கை தானாகப் போகிற உயரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை கையை நீட்டிப் பார்த்தார். இவ்வளவு கவனமான ஆளை நான் கண்டதில்லை என்று மனதுக்குள் மெச்சினேன்.

பின்னறைக்கு வந்ததும் அவர் பேச்சு மாறியது.

"மீற்றர் பெட்டியிலையிருந்து இதுக்குத் தனி வயர் வர வேணும். மொத்த வயர், நல்ல தடிப்பானது. இங்கை இந்தச் சுவரிலை இதுக்கெண்டு தனியா ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டி. வீட்டிலை வேற எது பழுதாகி ஃபியூஸ் விழுந்தாலும் இந்த அறையிலை கரண்ட் போகக்கூடாது."

"இதுக்குள்ளை என்ன வரப்போகுது, மாஸ்டர்?"

"நான் சொல்லுற அளவுக்கு வையுங்கோவன்."

"எவ்வளவு இழுக்கும் எண்டு தெரியாமல் நான் வயரின்ர மொத்தத்தைக் கணக்குப் பாக்க ஏலாது."

அவர் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார். அதில் அவருடைய கையெழுத்தில் சில எண்கள் மட்டும் இருந்தன. எங்கேயோ இருந்து பார்த்து எழுதிய எண்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கே இருந்து என்று சொல்லவில்லை. அதே சுவரில் தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் போகிற குழாயும் குழாய் வேலைக்காரர் ஏற்கெனவே கொண்டுவந்து முடித்திருந்தார். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதற்கு உள்ளே பார்க்க முடியாத பால் கண்ணாடி. காற்றை வெளியே தள்ளுகிற விசிறிக்கு ஓட்டை. கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு.

தனி மின்சாரம், தண்ணீர், வடிகால், விசிறி, மறைத்த கண்ணாடி, பூட்டு. இதே அறையை நான் ஏற்கெனவே ஒரு முறை கண்டிருந்தேன்.

அது இல்ஃபோர்டில், நான் இருக்கிற தெருவிலிருந்து பத்து நிமிட நடை. வாடகை வீடு ஒன்று. சாப்பாட்டு வியாபாரம் தொடங்கப்போவதாக ஓர் ஆள் சொன்னார். இறைச்சி வைக்கிற பெரிய குளிர்ப்பெட்டிகள் வரும், பின்னறைக்கு மொத்த வயர் வேண்டும் என்றார். மரியாதையாகப் பேசினார், தேநீர் தந்தார். நான் சந்தேகப்படவில்லை. ஒழுங்காகச் செய்துகொடுத்து, வழக்கம்போல ஃபியூஸ் பெட்டியின் மூடியில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தேன். ஏழெட்டு மாதம் கழித்துப் பொலிஸ் அந்த வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. உள்ளே கஞ்சாச் செடிகள். வெளிச்சம் போட்டு வளர்த்திருக்கிறார்கள். மீற்றரைத் தாண்டி மின்சாரம் திருடுவதற்கு நான் போன பிறகு வேறு யாரோ இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டியின் மேல் இருந்தது என் ஸ்டிக்கர். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் பொலிஸ் நிலையத்தில் இருந்து ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னேன். என்னில் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

சனங்கள் விடவில்லை. தமிழ்க் கடைக்குள் நான் போனால் பேச்சுக் குறையும். 'கஞ்சா வயரிங்' என்று எனக்குப் பெயர் வைத்திருப்பதாக என் மனைவிதான் ஒருநாள் அழுதுகொண்டு வந்து சொன்னாள். கோயிலில் பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாளாம். அதற்குப் பிறகு நான் வெள்ளைக்காரக் கட்டடக்காரர்களிடமும் பாகிஸ்தான்காரர்களின் கடைகளிலும்தான் வேலை செய்தேன். இன்னொரு தடவை அப்படி ஒன்று நடந்தால் யாரும் என்னை நம்பப் போவதில்லை. வேலைக்கான பதிவு போய்விடும். அதோடு எல்லாம் போய்விடும்.

அதனால் மாஸ்டரை நான் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கிய பிறகு எல்லாமே பிழையாகத் தெரிந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சரியாக அவர் எங்கேயோ போனார். அந்த நேரத்தில் ஏதாவது கேட்கப் போன் எடுத்தால் போன் நிறுத்தப்பட்டிருக்கும். எங்கே போய் வருகிறீர்கள் என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அலுவல் இருக்குது" என்றார். அவருடைய மனைவி ஒரு தடவைதான் வீட்டைப் பார்க்க வந்தார். வந்தும் காரை விட்டு இறங்கவில்லை. யூலை மாத வெயிலில் முழுக்கை போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார். சொந்தமாகக் கட்டுகிற வீட்டுக்குள் ஒரு பெண் கால் வைக்காமல் இருப்பாளா? இந்த வேலையில் அந்த மனிசிக்குச் சம்மதம் இல்லை, அதுதான் இறங்கவில்லை என்று நான் எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டரும் என்னைக் கவனித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் கொண்டுவந்து இறக்கிய வயர்ச் சுருளின் மேல் அச்சடித்திருந்த சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். பூச்சு பூச முதல் ஒவ்வொரு சுவரின் முன்னாலும் அளவுநாடாவை விரித்துப் பிடித்து, வயர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கைபேசியில் படம் எடுத்தார். நான் ஏணியில் நின்று வேலை செய்தால் கீழே கைகட்டிக்கொண்டு நிற்பார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்கிறவர்போல. ஒருநாள் நான் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது என் கருவிப் பைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, பென்சில் விழுந்திட்டுது" என்றார். பென்சில் அவருடைய காதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "விட்டிட்டு வாங்கோ. எங்களுக்கு இன்னொருக்கா ஏலாது" என்றாள். விட முடியவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு தமிழ் வீடு என்னைக் கூப்பிட்டிருந்தது. இந்த வேலை நன்றாக முடிந்தால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள் என்ற ஆசை எனக்கு. அதனால் ஒரு கோழைத்தனமான வேலை செய்தேன். மாஸ்டர் சொன்னதையெல்லாம் அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதினேன். பின்னறையை நானும் படம் எடுத்தேன். நாளைக்குப் பொலிஸ் வந்தால் காட்டுவதற்கு ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி, சாமி அறைத் தட்டில் வைத்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள், ஒரே சுவர்களை, ஒருவருக்கு எதிராக மற்றவர் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பூச்சு முடிந்து காய்ந்தது. சுவிட்சுகளையும் விளக்குகளையும் பொருத்திப் பூட்டுகிற கட்டம் வந்தது. எல்லா அறையும் முடிந்து கடைசியாகப் பின்னறைக்குள் போனேன். சின்ன ஃபியூஸ் பெட்டிக்குள் ஒவ்வொரு கம்பியாக இணைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

"சேர்ட்டிபிக்கற்றிலை இந்த அறையை என்னெண்டு எழுதுவியள்?" என்று கேட்டார். வேலை முடிந்ததும் வயரிங் பாதுகாப்பானது என்று நான் கையெழுத்திட்டுக் கொடுக்கிற சான்றிதழ் அது.

"நீங்கள்தான் சொல்ல வேணும், மாஸ்டர்."

"ஸ்டோர் எண்டு எழுதுங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். "ஸ்டோருக்கு இவ்வளவு கரண்ட் எதுக்கு? ஸ்டோருக்குத் தண்ணி எதுக்கு? என்னை என்ன விசரன் எண்டு நினைச்சியளோ?"

"உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி அது."

"அதிலை கையெழுத்து வைக்கிறது நான். இதுக்குள்ளை என்ன வைக்கப் போறியள் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி நான் வைக்க மாட்டன்."

அவருடைய முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். எதையோ சொல்லத் தொடங்கி விழுங்கியது நன்றாகத் தெரிந்தது. அதையும் நான் குற்றத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப போங்கோ" என்றார்.

"போறன். இங்கை என்ன நடக்கப்போகுது எண்டு எனக்குத் தெரியும். எனக்கு இது முதல் தரம் இல்லை."

பெட்டியின் மூடியை அடித்துச் சாத்திவிட்டு, கருவிகளை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கருவிகள் ஏற்றுகிற என் வானுக்குள் ஏறி உட்கார்ந்தேன். பொலிசுக்குப் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அந்த எண்ணைத் தேடி எடுத்துக் கைபேசியில் அடித்தேன். அழைக்கிற பொத்தானை அமத்தவில்லை. மனிதாபிமானம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வருகிற கேள்வி, வயரிங் யார் செய்தது என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பயம்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாஸ்டரின் மனைவி. தனியாக ரெயிலில் வந்திருந்தார். சனிக்கிழமை அவருக்குத் தமிழ் வகுப்பு இருக்கிற நாள். வகுப்பை விட்டுவிட்டு ஹரோவிலிருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் வந்திருக்கிறார். அன்றைக்கும் முழுக்கைச் சட்டை. என் மனைவி தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டே வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். எங்கள் வீட்டில் வாய் நனைக்க அவருக்கு மனமில்லையோ என்று அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

"அவருக்கு நான் இங்கை வந்தது தெரியாது" என்றார். பிறகு இடது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி முழங்கை வரைக்கும் சுருட்டினார். முன்கையில் கயிறு முறுக்கினதுபோல ஒரு நரம்பு தடித்து எழும்பியிருந்தது. அதன் மேல் ஊசி குத்திய தழும்புகள், பழையதும் புதியதுமாக.

"பயப்பிடாதேங்கோ தம்பி. கை வைச்சுப் பாருங்கோ."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். இரண்டு விரலை அந்தத் தடிப்பின் மேல் வைத்தேன். உள்ளே அதிர்ந்தது. நாடித் துடிப்பு அல்ல, விடாத ஓர் அதிர்வு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய ட்ரான்ஸ்போமர் பெட்டியின் மேல் கை வைத்தால் தெரிகிற அதே அதிர்வு. முப்பது வருடமாக எனக்குப் பழக்கமானது. ஒரு மனித உடம்பில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

"ரெண்டு கிட்னியும் வேலை செய்யிறேல்லை, தண்ணியும் அளந்துதான் குடிக்கலாம்" என்றார். "நாடியையும் நரம்பையும் சேத்துத் தைச்சு விட்டிருக்கினம், மெஷினிலை போடுறதுக்கு. கிழமைக்கு மூண்டு நாள் ஆஸ்பத்திரியிலை இரத்தம் சுத்திகரிக்கினம். திங்கள், புதன், வெள்ளி. அவர்தான் கூட்டிக்கொண்டு போறவர். அந்த மெஷினை வீட்டிலையே வைச்சுச் செய்யலாம் எண்டு சொல்லியிருக்கினம். ரெண்டு பேரும் அதுக்குப் பழகிறம். அந்த மெஷினுக்குத்தான் அறை. அதுக்குத் தண்ணி வேணும், வடிகால் வேணும். வாறவை பாக்கக்கூடாது எண்டுதான் பூட்டும் பால் கண்ணாடியும். இடையிலை கரண்ட் போகக்கூடாது."

"இதை மாஸ்டர் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"நான்தான் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அவரிட்டைச் சத்தியம் வாங்கினனான். முதல் வருசம் ஒரு சிநேகிதிக்குச் சொன்னன். அடுத்த கிழமை வகுப்பிலை பிள்ளையளின்ர தாய்மார் வரிசையா வந்து என்ர முகத்தைப் பாக்கினம். செத்த வீட்டுக்கு வந்த மாதிரி. ஒருத்தி என்ர கையைப் பிடிச்சு அழுகிறாள். நான் உயிரோடை நிக்கிறன், அவள் அழுகிறாள். ரெண்டு பேர் பிள்ளையளை வேற வகுப்புக்கு மாத்திப்போட்டினம், எனக்குக் களைப்பாம். கடைசியிலை எனக்குச் சுகம் வந்திட்டுது எண்டு பொய் சொல்லித்தான் அந்த வகுப்பைத் திரும்ப எடுத்தனான்."

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டவர்? என்ர கதை அவருக்குத் தெரியாதே?"

அக்கா முதன்முறையாகச் சிரித்தார். "தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட்டவர். கோவிக்காதேங்கோ. 'அந்த ஆளுக்கு வேலை தெரியும், எங்கட ஆக்கள் ஒருத்தரும் அவரோடை கதைக்கிறேல்லை, அதாலை கதை வெளியிலை போகாது' எண்டு சொன்னவர்."

என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கும் அது சுட்டது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அக்கா போன பிறகு அந்தக் கடித உறையைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. சந்தேகம் ஒரு பின்னேரத்தில் கழுவிப் போகிற அழுக்கு இல்லை. வீட்டில் வைக்கிற சுத்திகரிப்பு மெஷினுக்கு என்ன மின்சாரம் தேவை என்று இன்டர்நெட்டில் தேடினேன். மாஸ்டர் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த எண்களும் அதுவும் பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்திய பிறகுதான் உறையை எடுத்துக் கிழித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். மாஸ்டர் கதவைத் திறந்தார். அக்கா வந்தது அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. "வாங்கோ" என்றார். பின்னறையில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கி முடித்தேன். மீற்றர் வைத்து எல்லா அளவும் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சான்றிதழில் அந்த அறையைப் பின்னறை என்றே எழுதினேன். கையெழுத்து வைத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒரு நிமிசம் நில்லுங்கோ தம்பி. இன்னொரு ஆள் வர இருக்கு."

வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கருவிப் பையோடு இறங்கினாள். என் வேலையைச் சரிபார்ப்பதற்கு மாஸ்டர் இன்னோர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார். எனக்குச் சொல்லாமல், என் கண்ணுக்கு முன்னால்.

அந்த அவமானத்தை எப்படிச் சொல்வது? எல்லாம் வெளியில் வந்த பிறகும் இந்த ஆள் என்னை நம்பவில்லை. கஞ்சா வயரிங்காரன் என்றுதான் இன்னும் நினைக்கிறார். போய்விடலாம் என்று பையைத் தூக்கினேன். போனால் ஏதோ ஒளிப்பதுபோல இருக்கும் என்று திரும்ப வைத்தேன்.

அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பின்னறைப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் சுவரில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு நின்றேன். நாலாவதாகப் பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது அவளுடைய கையோடு வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "இறுக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அந்தக் கம்பியைத் துளைக்குள் விட்டு, ஆணியை விரலால் திருகிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனபோதுதான் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். சண்டை பிடித்தோம். மூடியை அடித்துச் சாத்தினேன். திரும்ப வந்து அடுத்த கம்பியிலிருந்து தொடங்கினேன். கம்பி துளைக்குள் தொட்டுக்கொண்டிருந்ததால் மீற்றர் சரி என்று காட்டியது. இன்னும் கொஞ்சக் காலத்தில், மெஷின் ஓடுகிற அதிர்விலோ, யாரோ கதவை அடித்துச் சாத்துகிறபோதோ, அது கழன்றிருக்கும். மெஷினில் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற கம்பி அது. சாதாரண ஆளுக்குச் சுருக்கென்று படுகிற கசிவு, உடம்பின் இரத்தமெல்லாம் குழாய் வழியாக வெளியே வந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிற ஆளுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். கணித மாஸ்டர் எல்லாவற்றையும் வாசித்திருப்பார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே கிடந்த என் பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே முறுக்குங்கோ" என்றார்.

முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். திரும்ப இழுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் இழுத்தாள். பிறகு மாஸ்டர் முன்னால் வந்து தன் கையாலேயே ஒரு தடவை இழுத்தார். அதற்குப் பிறகு வீடு முழுக்க இருந்த எல்லாப் பெட்டிகளையும், எல்லாச் சுவிட்சுகளையும் மூன்று பேருமாகத் திறந்து பார்த்தோம். வேறு பிழை ஒன்றும் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. நான் யாரையும் நம்பாமல் கண்ணை விழித்துக்கொண்டு நின்ற ஓர் அறையில்தான் என் கை பிழை விட்டிருந்தது.

இப்போது வருடங்கள் போய்விட்டன. பல வீடுகளுக்கு வயரிங் செய்துவிட்டேன். தமிழ் வீடுகளும் உண்டு. எப்படியோ கூப்பிடத் தொடங்கினார்கள். மாஸ்டர் யாரிடமாவது சொன்னாரா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் மூட முதல் எல்லாக் கம்பியையும் இழுத்துப் பார்க்கிறேன். வேலைக்கு நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், கையிலிருக்கிற ஆணியை இறுக்கி முடிக்கும்வரை பதில் சொல்வதில்லை. சிலர் அதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அந்த அறையைச் சோதிக்கச் சொல்வார். நான் சோதித்துவிட்டுப் போன அடுத்த நாள் அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் வந்து சோதிப்பாள் என்று எனக்குத் தெரியும். அவரும் ஒளிப்பதில்லை. அக்கா இன்னும் சனிக்கிழமைகளில் அ, ஆ சொல்லிக் கொடுக்கிறார், முழுக்கைச் சட்டையோடு.

மாஸ்டர் என்னை நம்புகிறாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நானும் வேறு யாரையும் முழுதாக நம்பப் பழகவில்லை. ஆனால் ஒரு நாள் மட்டும் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கு இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் மெஷினைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். முதல் தடவை வீட்டில் ஓடவிடப் போகிற நாள் எது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெற்கு லண்டனில் நோர்பரியில் ஒரு கடையில் ஏணிமேல் நின்று விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது. மாஸ்டர்.

ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் மெல்லிய ஓர் இரைச்சல் கேட்டது, ஒரே சீராக. அதற்குள் அக்கா யாரோ ஒரு நர்ஸோடு ஆங்கிலத்தில் எதையோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

"ஓடுது" என்றார் மாஸ்டர்.

"சரி மாஸ்டர்" என்று நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.